பொருள்: ‘காய்கறி ஒவ்வாமை’ வேண்டாம்; மாற்றுச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

காய்கறிகளை அரிவது, உரிப்பது, பிழிவது ஆகிய வேலைகளால் தோலில் வரும் தொல்லைகளுக்கு, துணைச் சுகாதார நிலையக் கையேட்டுக்காகத் தொண்டி ஆசிரியர் ஐயா ‘காய்கறி ஒவ்வாமை’ என்ற சொல்லை முன்வைத்தார். பரமக்குடி அன்பர் அதைக் ‘காய்கறிச் சொறி’ என்று திருத்தினார். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

பின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் ‘சொறி’ என்றால் கடலில் மிதக்கும் இழுதுமீன். வலையில் சொறி ஏறிவிட்டது, காலில் சொறி பட்டுவிட்டது என்றுதான் பேச்சு. ‘காய்கறிச் சொறி’ என்று அச்சிட்டால் மீனவர் வீட்டில் சிரிப்பார்கள்.

‘ஒவ்வாமை’தான் பெரிய சிக்கல். உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளைப் பகையாகக் கருதிக் கிளம்புவதே ஒவ்வாமை. சிலருக்கு வரும், பலருக்கு வராது. சேனைக்கிழங்கு அரிந்த கை நமைப்பது அந்த வகையா? கிழங்கின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. அரியும்போது அவை தோலில் ஏறுகின்றன. யார் கையானாலும் ஏறும். அதனால்தான் எண்ணெய் தடவிக்கொண்டு அரிகிறார்கள். அதே ஊசி நாக்கில் பட்டால் ‘காறல்’. வெண்டைக்காய் பறிப்பவருக்கு முழங்கை வரை ஊறல் எடுப்பது செடியின் மேலுள்ள நுண்முடியான சுணையால். காறல், சுணை என்று சொன்ன மாத்திரத்தில் பாதி நோய்க்குறிப்பு எழுதியாகிவிட்டது.

காந்தலைப் பற்றி இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டு மிளகாயைக் களத்தில் காயவைத்துக் காம்பு கிள்ளும் பெண்களைப் பாருங்கள். முகத்தில் வியர்வை வழிந்தால் விரலால் துடைக்க மாட்டார்கள்; தோள்பட்டையைத் தூக்கிக் கன்னத்தை அதில் தேய்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் காந்தல் விடாது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட வேண்டும். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் நரம்பு வாயில் ஒன்று உண்டு. அதையே காப்சைசினும் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதைக் காட்டியது. 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தோல் வேகவில்லை, வெந்ததாக நரம்பு மட்டும் சொல்கிறது. அதற்குக் ‘காந்தல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

தக்காளியோ பச்சை உருளைக்கிழங்கோ நறுக்கிய சில நிமிடங்களில் திட்டுத் திட்டாகத் தடித்து, ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடுவது காணாக்கடி. சித்த மருத்துவம் ஆண்டுவரும் சொல். எடுத்துக்கொள்வோம்.

சொல் தேவைப்படுவது இரண்டுக்குத்தான்.

ஒன்று பூண்டு. கீழக்கரைக் கல்யாண வீடுகளில் சமையல்காரரான பண்டாரிக்கு உதவியாக மூட்டைக் கணக்கில் பூண்டு உரிப்பவர்களின் இடக்கையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியும் வறண்டு, வெடித்து, செதில் உதிரும். கத்தி பிடித்த வலக்கையில் அவ்வளவு இராது. பூண்டைப் பற்றிய கை எதுவோ அதற்குத்தான் தண்டனை. டைஅல்லைல் டைசல்பைடு என்ற கந்தகச் சேர்மம் செய்யும் வேலை இது. ரப்பர் கையுறையைக்கூட அது ஊடுருவிவிடும். இது உண்மையான ஒவ்வாமை. ஆனால் தொட்ட மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோதான் கிளம்பும் என்பதால் யாரும் பூண்டைச் சந்தேகிப்பதில்லை, பாத்திரம் துலக்கும் சோப்பைத் திட்டுவார்கள். தோல் நோயைக் குறிக்கும் ‘கரப்பான்’ என்ற நாட்டுச் சொல்லை வைத்து இதற்குத் ‘தொடுகரப்பான்’ என்று முன்மொழிகிறேன். (வினைத்தொகை, க் மிகாது. யாரும் ஒற்றுச் சேர்த்துவிட வேண்டாம்.)

மற்றது எலுமிச்சை. ஏர்வாடியிலும் ராமேஸ்வரத்திலும் உச்சி வெயிலில் சர்பத் பிழியும் கைகளில் விரலிடுக்கிலிருந்து மணிக்கட்டு நோக்கிப் பழுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். சாறு வழிந்த தடம் அப்படியே. எலுமிச்சையில், முக்கியமாகத் தோலில், ஃபியூரனோகூமரின் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவை கையில் பட்டு, மேலே வெயிலின் புறஊதாக் கதிர் விழுந்தால் தோல் சிவக்கும், கொப்பளிக்கும். பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும். எதிர்ப்பாற்றலுக்கு இதில் பங்கில்லை. வெண்புள்ளிக்குத் தரும் கார்போகரிசி விதையில் உள்ள சோரலன் என்ற சேர்மமும் இதே குடும்பம்தான். அங்கே மருந்து, இங்கே வினை. ‘பைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ்’ என்ற நீளப் பெயருக்கு ‘சாற்றுக்கருகல்’ என்று வைக்கலாம். கருகல் என்றால் சுடுவதும் உண்டு, கருப்பதும் உண்டு. ‘சாற்றுக்கறை’ என்று ஒருவர் தனி மடலில் சொன்னார். கறை என்றதும் ஜனங்கள் நார் போட்டுத் தேய்ப்பார்கள், புண்ணாகும். அது படிந்த கறையல்ல, தோலே உண்டாக்கிய நிறமி.

மண்டபத்திலிருந்து.

—

ஐயா, வணக்கம்.

காந்தல், சுணை, காணாக்கடி மூன்றுக்கும் என் ஓட்டு. மற்ற இரண்டில் எனக்குத் தடை உண்டு. எங்கள் பக்கம் கரப்பான் என்றால் ‘கத்தரிக்காய் தின்னாதே’ என்ற பத்தியம்தான் நினைவுக்கு வரும். தொட்டதால் வந்தது என்பது மறைந்து, தின்றதால் வந்தது என்று ஆகிவிடும். கரப்பான்பூச்சி வேறு குறுக்கே வரும். ‘சாற்றுக்கருகல்’ சொல்லில் வெயிலே இல்லை. சாறு மட்டும் பட்டால் ஒன்றும் ஆகாதே? பாடநூல் மரபுப்படி ‘தொடு தோலழற்சி’, ‘தாவர ஒளித் தோலழற்சி’ என்று போவதே பாதுகாப்பு. பொருள் பிசகாது.

சாயல்குடி செவிலியர்.

—

அம்மா, வணக்கம்.

தின்பது, தொடுவது என்ற குழப்பம் வரக்கூடாது என்றுதான் ‘தொடு’வை முன்னால் நிறுத்தினேன். பூச்சியை யாரும் வெறும் கரப்பான் என்று மருத்துவக் கையேட்டில் தேடப்போவதில்லை. பாடநூலில் தோலழற்சி இருக்கட்டும். நம் கையேட்டைப் படிக்கப்போவது பூண்டு உரிக்கிறவர்கள்.

‘ஒளி’யை மட்டும் ஏற்க மாட்டேன். இந்த வேலையைச் செய்வது 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர், கண்ணுக்குத் தெரியாதது. ஒளி என்று எழுதினால் சமையலறை விளக்கையும் சந்தேகிப்பார்கள். வெயில் இல்லையே என்ற உங்கள் தடை நியாயம்தான், ஆனால் ‘வெயிற்கருகல்’ என்றால் வெறும் வெயிலில் வெந்ததாக ஆகிவிடும். இரண்டையும் கோத்தால் சொல் வாயில் நுழையாது. காரணம் முழுவதையும் ஒரு சொல் சுமக்க வேண்டாம், விளக்கத்தில் வைக்கலாம்:

சாற்றுக்கருகல்: எலுமிச்சை போன்றவற்றின் சாறு பட்ட தோலில் வெயில் விழுவதால், பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தோன்றும் சிவப்பு, கொப்பளம், பின் கருமை. பிழிந்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு வெயிலுக்குப் போகவும். கருமையைத் தேய்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி. சீமையத்தியின் இலையை ஒடித்தால் வடியும் பாலிலும் இதே சேர்மங்கள் உண்டு. அது பால், சாறு அல்ல. ‘சாற்றுக்கருகல்’ அதற்கும் செல்லுமா, ‘பாற்கருகல்’ என்று தனியே பதிய வேண்டுமா? குழு சொல்லட்டும்.

மண்டபத்திலிருந்து.