மோட்டார் நிற்கும்போது எல்சிடி எழுத்து சிதறுகிறது – உங்களுக்கும் நடந்ததா?

வாழைத்தோப்பு
நடந்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத்து மோட்டாரையும் வால்வுகளையும் நேரம் வைத்து ஓட்ட நானே செய்த டைமர்: அர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு), ரிலே போர்டு (அது சொன்னபடி மின்சாரத்தை இணைத்து வெட்டும் சுவிட்ச்), 16க்கு 2 எல்சிடி (இரண்டு வரி எழுத்துத் திரை), ரிலேயில் இருந்து ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) 230 வோல்ட் காயில். எல்லோரும் போடுகிற செட்டப்தான். வீட்டு மேசையில் பத்து நாள் ஓடியது, ஒரு குறையும் இல்லை. மோட்டார் ரூமில் மாட்டிய முதல் நாளே, நேரம் முடிந்து கான்டாக்டர் "டக்" என்று விட்ட அந்த நொடியில், "வால்வு 3" என்று இருந்த எழுத்து சிதறிக் கட்டமும் கோடுமாக நின்றது. போர்டு ஹேங் ஆகிவிட்டது.

புரோகிராம்தான் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் மாற்றி மாற்றி எழுதினேன். கண்டுபிடித்தவர் அப்பா. மடை திருப்பிவிட்டு வந்து வாசலில் நின்றவர், "மோட்டார் எடுக்கும்போது ஒண்ணும் ஆகல, நிக்கும்போதுதான் ஆகுது, பாத்தியா?" என்றார். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ரிலே வெட்டும்போது, உள்ளே தேங்கியது போக வழியில்லாமல் பல நூறு வோல்ட்டாக எகிறி ரிலே முனையில் பொறியாகப் பாய்கிறது. 100 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் (230 வோல்ட் லைனில் போடுகிற வகை) இரண்டையும் தொடராக இணைத்து காயிலுக்குக் குறுக்கே போட்டேன். அன்றோடு பெரும்பாலும் நின்றது. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை இன்னும் வருகிறது.

மானாவாரி
எனக்கு ஆனது வேறு. டிரிப் லைனில் ஒய்எஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சார் (தண்ணீர் ஓடும் வேகத்தை அளப்பது). தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் வைத்தேன். போர் வற்றிய அன்று திரையில் நிமிடத்துக்கு 6.6 லிட்டர் என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசி மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சொட்டு ஈரம் இல்லை. எண் மட்டும் அசையாமல் 6.6. தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் காயில் கருகி, ரீவைண்டிங் வரை போனது.

அப்புறம்தான் உறைத்தது. அந்த சென்சாருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் நொடிக்கு 7.5 துடிப்பு. 50-ஐ 7.5-ஆல் வகுத்துப் பாருங்கள். நான் அளந்துகொண்டிருந்தது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸை! சென்சார் வயரும் மோட்டார் கேபிளும் 30 மீட்டர் ஒரே பைப்பில் போயிருந்தன. வயரைத் தனியாகப் பிரித்து, சிக்னல் வயரில் இருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்ட பிறகு பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது.

சால்டரிங்
வாழைத்தோப்பு அண்ணா, எழுத்து சிதறினால் போர்டு ஹேங் என்று சொல்ல முடியாது. எல்சிடிக்கு ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக அனுப்புகிற 4 பிட் முறையில் ஒரு பாதி பைட் தவறினாலே போதும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் இடம் மாறித் தப்பாகத்தான் விழும். உள்ளே புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு எல்இடியை நொடிக்கு ஒரு தரம் சிமிட்ட வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எனக்கும் இதேதான் வந்தது, காரணம் ரிலே போர்டின் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலே காயிலின் சப்ளை முனையான ஜேடி-விசிசியை விசிசியோடு இணைக்கும் சின்ன மூடி). அது மாட்டியிருந்தால் இரண்டு பக்கத்தையும் வயர் இல்லாமல் வெளிச்சத்தால் இணைக்கும் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை, இரண்டு பக்கமும் ஒரே 5 வோல்ட்டில்தான் ஓடும். ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். அந்த அடாப்டரின் கிரவுண்டை அர்டுயினோ கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது, நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். அர்டுயினோவின் 5 வோல்ட் விசிசி முனைக்கு மட்டும் போகட்டும். எல்சிடி வயர் ஒரு ஜாண் நீளத்துக்குள் இருக்கட்டும். போர்டை கான்டாக்டர் இருக்கும் பெட்டியிலேயே வைக்காதீர்கள், தனிப் பெட்டி வையுங்கள். புரோகிராம் நின்றுபோனால் போர்டைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் போட்டுவிடுங்கள். 12 வோல்ட் டிசி வால்வு ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது), கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

கம்மாய்க்கரை
சால்டரிங் தம்பி சொன்ன டயோடு டிசி வால்வுக்கு மட்டும். தயவுசெய்து யாரும் 230 வோல்ட் காயிலுக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். டயோடு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. ஏசியில் பாதிச் சுற்று அதற்கு நேர் ஷார்ட். கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் ஓர் அங்குலம்தான் இடைவெளி.

வாழைத்தோப்பு
தம்பி, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜம்பர் மாட்டியபடியே இருக்கிறது. நாளை காலை 6 மணிக்கு மூணு ஃபேஸ் வரும். கழற்றிவிட்டு 20 தடவை ஆன்-ஆஃப் செய்து பார்த்து இங்கேயே எழுதுகிறேன். அப்பாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.