சிறகாடி: வாத்துச் சிறகின் அந்தச் சதுரத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு புதுச்சேரி ஊசுட்டேரியில் நான் பார்த்த வாத்தைப் பற்றி மூன்று நாளாக நம் குழுவில் பேச்சு ஓடுகிறது, வாத்துச் சிறகில் நிறமாகத் தெரியும் சதுரத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதும் அதில் சேர்ந்துகொண்டது. நான் பார்த்தது பெண் கருவால் வாத்துதான், இந்தப் பக்கம் எப்போதாவதுதான் கண்ணில் படும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் நான் எழுதிய குறிப்பில் இருக்கிறது. "சிறகில் வெள்ளை தெரிந்தது" என்று நோட்டில் எழுதியதை அப்படியே இபேர்டு (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) பட்டியலிலும் போட்டேன். அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவர் "எந்த வெள்ளை?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். நம் ஏரிகளில் ஆண்டு முழுக்க இருக்கிற புள்ளிமூக்கு வாத்துக்கும் சிறகில் வெள்ளை உண்டு, ஆனால் அது உடம்பை ஒட்டிய உள் இறகுகளில் இருக்கும், வாத்து சும்மா மிதக்கும்போதே முதுகோரம் தெரியும். கருவால் வாத்தின் வெள்ளையோ அதற்குச் சற்று வெளியே, சிறகின் பின்விளிம்பில் சின்னச் சதுரமாக இருக்கும், சிறகை மடக்கினால் பல நேரம் மறைந்தே போகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் சொல் இல்லாததால்தான் குறிப்பு பாழானது.

நான் பார்த்தது இப்படி. காலை ஏழு மணி, பனிமூட்டம் அப்போதுதான் விலகியிருந்தது. சேற்றுத் திட்டில் ஊசிவால் வாத்துகளுக்கு நடுவே பழுப்பாக ஒன்று நின்றது, அலகின் இருபக்கமும் ஆரஞ்சு, மேலே கருஞ்சாம்பல். இறகைக் கோதிக்கொண்டே இருந்தது, திடீரென்று இடது காலையும் இடது சிறகையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறித்தது. அந்த இரண்டு நொடியில் வெள்ளைச் சதுரம் பளிச்சென்று வெளியே வந்து மறைந்தது.

சரி, இனி சொல்லுக்கு வருவோம். "பளபளப்புத் திட்டு" என்று கடலூர் நண்பர் சொன்னார். கிளுவை, ஆண்டிவாத்து ஆகிய வாத்துகளுக்கு அது பொருந்தும், அவற்றின் சிறகுச் சதுரம் பச்சை, அது பளபளக்கத்தான் செய்கிறது. அது பச்சை நிறமி அல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டு வருவது, அதனால் கோணம் மாறினால் கறுப்பாகக்கூடத் தெரியும். ஆனால் கருவால் வாத்தில் பளபளப்பே கிடையாது, வெறும் வெள்ளை. எந்த வாத்துக்காக இந்தச் சொல்லைத் தேடுகிறோமோ அதற்கே பொருந்தாவிட்டால் எப்படி? "சிறகுப் பொட்டு" கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொட்டு என்றால் வட்டம்தான் மனதில் வரும். "சிறகுக் கண்ணாடி" என்றால் தும்பிச் சிறகு மாதிரி ஊடுருவித் தெரிவது என்று படிப்பார்கள்.

நான் முன்வைப்பது சிறகாடி. சிறகு, ஆடி இரண்டும் சேர்ந்தது, ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. லத்தீனில் இதற்கு வழங்கும் "ஸ்பெகுலம்" என்ற பெயருக்கும் அதே பொருள்தான். ஆடி நமக்குப் புதிதில்லை, குவியாடி, குழியாடி எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்தவைதான். வெயிலில் உடைந்த கண்ணாடித் துண்டைத் திருப்பி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடாதவர் யார்? பறக்கும்போது அந்தச் சதுரம் வெட்டுவது அப்படியேதான் இருக்கும், வெள்ளையானாலும் பச்சையானாலும்.

"சிறகை ஆடி என்று வினையெச்சமாகப் படித்துவிடுவார்களே" என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, சிறகை ஆட்டித்தானே பறக்கும், ஆடிப் பறக்காதே. "சிறகாடி வெள்ளை", "சிறகாடி பச்சை" என்று நிறத்தோடு எழுதிப் பழகினால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நான் பெரிதாக நினைக்கிறேன். வலசை சீசன் தொடக்கத்தில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பலவும் இன்னும் மங்கல் கோலத்திலேயே, அதாவது பெட்டையைப் போன்ற மங்கிய இறகுகளோடே இருக்கும், பெட்டையா ஆணா என்று புதியவர்கள் திணறுவார்கள். அப்போதும் சிறகாடி மாறாமல் இருக்கும். பாகூர் ஏரிக்கு முதல் தடவை பைனாகுலரோடு வரும் பிள்ளையிடம் "முதலில் சிறகாடியைப் பார்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புள்ளிமூக்கு வாத்தின் அந்த உள் இறகுகளுக்கு "மூன்றாம் வரிசை இறகு" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது, யாருக்காவது நல்லது தோன்றினால் எழுதுங்கள். என் குறிப்பை இன்றிரவு இப்படித் திருத்தப் போகிறேன்: "சிறகாடி வெள்ளை, சிறு சதுரம், சிறகை நீட்டியபோது மட்டும் தெரிந்தது. மூன்றாம் வரிசை இறகில் வெள்ளை இல்லை. அலகோரம் ஆரஞ்சு."