கீழக்கரை வீடு: 11 லட்சம் போட்டுப் புதுப்பிப்பது தகுமா?

கடற்கரைத்தெரு:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கீழக்கரையில் எங்கள் வீடு கடலுக்கு ரொம்பக் கிட்டே. முன்பக்கம் பாட்டனார் காலத்தில் கடல்கல்லும் (கடலில் வெட்டிய பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, பின்பக்கம் இரண்டு அறை, அடுப்படி, குளியலறை எல்லாம் 1994-இல் வாப்பா சவூதியில் இருந்தபோது போட்ட கான்கிரீட். கான்ட்ராக்டர் 11 லட்சம் சொல்கிறார். தரை முழுக்க டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், முகப்பில் எலிவேஷன் (முன்சுவர் அலங்காரம்), குளியலறையை முட்டி வலி உள்ள உம்மாவுக்குத் தோதாக மாற்றுவது. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அதனால் விற்கும் பேச்சே இல்லை. நான் துபாயில் இருந்து பணம் அனுப்புகிறேன். இந்தச் செலவு தகுமா?

பாம்பன்_சேது:
தகாது தம்பி. பின்பக்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு. முப்பது வருஷம் உப்புக் காற்று குடித்த கான்கிரீட்டுக்கு மேலே டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் போடுவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதான். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் மேலே ஸ்லாபில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காரை பெயர்ந்தால் அந்தப் பலகையோடு சேர்த்துத்தான் தலையில் விழும். எங்கள் தெருவில் சீலிங் பளபளவென்று இருந்த வீட்டில் தொட்டில் கொக்கி கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, நல்லவேளை தொட்டிலில் பிள்ளை இல்லை.

தொண்டிக்காரி:
அண்ணே, எடுத்தவுடனே இடி என்று சொல்லிவிடுகிறீர்கள். இப்போது சதுரடிக்கு இரண்டாயிரத்துக்குக் குறைந்து யார் கட்டித் தருகிறார்கள்? இரண்டு அறை, அடுப்படி, குளியலறை எல்லாம் சேர்த்தால் 11 லட்சம் எந்த மூலைக்கு? அது முடிகிற வரைக்கும் அந்த அம்மா முட்டி வலியோடு எங்கே போய் இருப்பார்? வீட்டுச் செலவை விற்கிற விலையில் மட்டும் அளக்காதீர்கள். வழுக்காத தரை, உட்கார்ந்து எழக் கைப்பிடி, உயரமான கழிப்பறை, படி இல்லாத வாசல், இதெல்லாம் ஒரு வயதானவருக்கு நாளுக்குப் பத்துத் தரம் உதவுகிற செலவு. அதை வீண் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாம்பன்_சேது:
குளியலறையை நான் வீண் என்று சொல்லவே இல்லை தங்கச்சி. எலிவேஷனைச் சொல்கிறேன், மாடுலர் கிச்சனைச் சொல்கிறேன். இந்தக் காற்றில் அந்த ப்ளைவுட்டும் கீலும் எத்தனை நாள் தாங்கும்?

உச்சிப்புளி_சைட்:
கட்டட வேலையில்தான் இருக்கிறேன், என் பங்குக்குச் சொல்கிறேன். இடிப்பதா வைப்பதா என்று இங்கே உட்கார்ந்து யாராலும் முடிவு சொல்ல முடியாது, ஸ்லாபைத் தட்டிப் பார்த்தால் தெரியும். சின்ன சுத்தியலை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டச் சொல்லுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று கேட்கும், கம்பி துருப்பிடித்துக் காரை பிரிந்த இடம் 'பொத்' என்று கேட்கும். கம்பி போகிற வழியிலேயே நீளமாக வெடிப்பும் பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு ஆரம்பித்தாயிற்று. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கிறது.

காரணமும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கான்கிரீட் எம்30 என்ற வலிமைத் தரமாவது வேண்டும். அந்தக் காலத்தில் நம் பக்கம் ஸ்லாபுக்கு விரல் தடிமன் விட்டாலே பெரிது. அதோடு கலவைக்கு ஊற்றியது கிணற்றுத் தண்ணீர், நம் ஊர்க் கிணறு எப்படி என்று நமக்குத் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்பது அதே விதி. உப்பு காற்றிலும் வந்தது, தண்ணீரிலும் வந்தது.

கடற்கரைத்தெரு:
காக்கா, தங்கச்சியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அடுப்படி மேலேயும் குளியலறை மேலேயும் 'பொத்' என்கிறது. இரண்டு அறையிலும் பரவாயில்லையாம். குளியலறையில் காரை விழுந்த இடத்தில் கம்பி பென்சில் முனை மாதிரி இளைத்திருக்கிறது, படம் அனுப்பினாள். முன்பக்கத்துப் பழைய வீட்டில் ஒன்றும் இல்லை.

உச்சிப்புளி_சைட்:
அதில் கம்பியே இல்லையே தம்பி, துருப்பிடிக்க என்ன இருக்கிறது! அந்தச் சுவரில் மட்டும் தயவுசெய்து சிமெண்ட் பூசவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டுக் கல்லை அரித்துவிடும். கான்ட்ராக்டர் எலிவேஷன் என்று சொன்னதில் அதுவும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்தக் கல் இனிமேல் கிடைக்காது. 2001-இல் பவளப்பாறையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், வெட்டினால் குற்றம். வெட்டி வெட்டித்தான் கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவே தண்ணீருக்குள் போய்விட்டது.

பாம்பன்_சேது:
பார்த்தாயா, குளியலறைக் கம்பி இளைத்துவிட்டது. இதற்குத்தான் இடி என்றேன்.

தொண்டிக்காரி:
இரண்டு ஸ்லாபுக்காக முழுப் பின்பக்கத்தையும் இடிக்கச் சொல்வீர்களா அண்ணே? அந்த இரண்டை மட்டும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதாதா?

உச்சிப்புளி_சைட்:
சுவர் நன்றாக இருந்தால் போதும், இன்ஜினியரை நேரில் வரவைத்துச் சுவரையும் பீமையும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இறக்கும்போது பக்கத்து ஸ்லாபுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். புதுசுக்குத் தண்ணீர் லாரியில் நல்ல தண்ணீர், கழுவாத கடல் மணல் வேண்டவே வேண்டாம், இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட் (ஸ்லாக் சிமெண்ட்) கிடைத்தால் உப்புக்கு நன்றாகத் தாங்கும். கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கிற கவர் பிளாக் கட்டைகளை வைத்தார்களா என்று கான்கிரீட் போடுகிற அன்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும், போட்ட பிறகு பார்க்க வழியில்லை. அறைகளில் வெடிப்பு தெரிகிற இடத்தில் மட்டும் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். மேலோட்டமாகச் சிமெண்ட் அப்பினால் ஒட்டு போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே துரு ஆரம்பிக்கும். சேது அண்ணன் பயம் நியாயமானது, ஆனால் இந்த வீட்டுக்கு முழு இடிப்பு அதிகம். இன்னொன்று, கடலோர மண்டல விதி இருக்கிறது. கடலுக்கு அவ்வளவு கிட்டே முழுசாக இடித்தால் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 

பாம்பன்_சேது:
சரி, அந்த விதி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தம்பி, இன்ஜினியர் பீமிலும் துரு என்று சொன்னால் அப்புறம் ஒட்டுப் போடாதே. கல்யாண வீட்டில் நூறு பேர் அந்த ஸ்லாபுக்குக் கீழேதான் உட்காருவார்கள்.

கடற்கரைத்தெரு:
உம்மாவிடம் பேசிவிட்டேன் அண்ணே. எலிவேஷன், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் மூன்றும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம், அதை நான் பேசிக்கொள்கிறேன். அடுப்படிக்குக் கடப்பாக் கல் பலகை. இன்ஜினியர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வருகிறார். லாத்தா, அந்தக் கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது?

தொண்டிக்காரி:
உம்மாவையே உட்கார வைத்து அளந்துகொள்ளுங்கள் தம்பி. எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அந்த உயரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள், முலாம் பூசிய இரும்பு வேண்டாம், திருகாணி உட்பட.