பழைய 150 சிசி வண்டி: 65-ஐத் தாண்டினா பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குது. ரிங்கா, வேற எதாவதா?

பூட்டுப்பட்டறை, திண்டுக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்தேன். 150 சிசி, ஏர் கூல்டு, கார்புரேட்டர், 2013 மாடல், மீட்டர்ல 41,000 கிலோமீட்டர். கம்பெனி பேரைச் சொன்னா ‘அந்த வண்டியே அப்படித்தான்’னு நாலு பேர் கிளம்பி வருவீங்க, அதனால சொல்லல. விலை 31,000. டேங்குக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு கண்ணாடியாட்டம் மின்னுச்சு. அதுல மயங்கித்தான் வாங்கினேன்னு வீட்ல சொல்றாங்க, இல்லைன்னு சொல்ல முடியல.

வாரத்துக்கு ரெண்டு நாள் பூட்டு மூட்டையைப் பின்னாடி கட்டிக்கிட்டு மதுரைக்குப் போவேன். நாலு வழிச்சாலைல 75, 80ல போனா சின்னாளப்பட்டி வரைக்கும் குறையே இல்ல. அதைத் தாண்டினதும் வண்டி தளர ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் 65, அப்புறம் 60, அப்புறம் 50. லாரிக்காரன் பின்னாடி ஹாரன் அடிக்கிறான். ஓரம்கட்டி ஒரு டீ குடிச்சுட்டு எடுத்தா மறுபடி பத்து நிமிஷம் சிங்கம்.

இதுவரைக்கும் மாத்தினது: பிளக், ஏர் ஃபில்டர், இக்னிஷன் காயில். கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டி சுத்தம் பண்ணியாச்சு. மொத்தம் 3,150 ரூபா. இப்ப மெக்கானிக் ‘பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடணும், 7,000 ஆகும்’ங்கிறார். கொடுக்கலாமா?

நாலுவழிராஜா:

எல்லாம் பெட்ரோல்ல கலக்கிற எத்தனால் பண்ற வேலை ப்ரோ. விலை கூடின பெட்ரோல் இருக்கே, அதைப் போடுங்க, பறக்கும்.

மேலூர் கிக்கர்:

எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கார்புரேட்டர் டயாஃப்ரம் ஓட்டை. மேல் மூடியைக் கழட்டி அந்தக் கறுப்பு ரப்பரை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சாலும் போச்சு, காத்து வழியைத் திறக்கிற ஸ்லைடு முழுசா மேல ஏறாது.

பழைய ஸ்பேனர்:

தம்பி, 7,000-ஐ பைக்குள்ளயே வைங்க. ரிங் போன வண்டி வீட்டு வாசல்லயே போன வண்டிதான். பத்து நிமிஷம் நல்ல ரிங்கா இருந்துட்டு, சின்னாளப்பட்டி வந்ததும் கெட்டு, டீ குடிச்சதும் சரியாகிற ரிங்கை 22 வருஷப் பட்டறைல நான் பார்த்ததில்ல. டயாஃப்ரமும் அப்படித்தான், ஓட்டைன்னா முதல் கிலோமீட்டர்லயே காட்டிக் கொடுத்துரும்.

எத்தனாலைச் சொன்ன தம்பிக்கு: எத்தனால்ல லிட்டருக்குக் கிடைக்கிற சூடு பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைச்சல், சரிதான். ஆனா 20 சதவீதம் கலந்தா மொத்தத்துல குறையறது 6, 7 சதவீதம். மைலேஜ்ல தெரியும். 80ல போற வண்டியை 50க்கு இறக்காது.

இப்ப நாலு கேள்வி. வண்டி தளரும்போது ஆர்பிஎம் முள் ஏறி வேகம் மட்டும் ஏறாம இருக்கா, இல்ல முள்ளும் சேர்ந்து இறங்குதா? விட்டு விட்டு வெட்டுதா, இல்ல மெல்ல மெல்ல அடங்குதா? 55லயே உருட்டினா எவ்வளவு தூரம் போகுது? டேங்க் நிறைஞ்சிருக்கும்போது எப்படி, பாதியில எப்படி?

பூட்டுப்பட்டறை:

அண்ணே, நன்றி. முள்ளும் சேர்ந்துதான் இறங்குது. வெட்டல, கேஸ் தீரப்போற அடுப்பு மாதிரி அடங்குது. 55ல போனா மதுரை வரைக்கும் நிக்காம போயிருது, ஒருதடவை பண்டிகைக் கூட்டத்துல அப்படித்தான் போனேன். நாலாவது கேள்வியை எப்படிக் கேட்டீங்கன்னு தெரியல. ஃபுல் டேங்க் போட்ட அன்னைக்குத்தான் ரொம்ப மோசம், சின்னாளப்பட்டி கூட வராது. பெட்ரோல் நிறைய இருந்தா நல்லாத்தானே ஓடணும்?

பழைய ஸ்பேனர்:

போதும், பாதி தெரிஞ்சிருச்சு. முள் இறங்குதுன்னா கிளட்ச் பிளேட் இல்ல. வெட்டலைன்னா கரன்ட் பக்கம் பெரும்பாலும் இல்ல, காயில் சாகும்போது டப் டப்னு உதைக்கும். உங்க இன்ஜின் பட்டினி கிடக்குது.

கணக்கு பாருங்க. 55ல போனா லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும்னு வைங்க, நிமிஷத்துக்கு 18 மில்லி பெட்ரோல் போதும். மூட்டையோட முழு ஆக்சிலேட்டர்ல 90க்கு முறுக்கினா மைலேஜ் 30க்கு இறங்கிரும், நிமிஷத்துக்கு 50 மில்லி வேணும். எங்கயோ ஒரு இடத்துல 20க்கு மேல விடாம பிடிச்சு வச்சிருக்கு.

பிடிக்கிற இடம் டேங்க் மூடின்னு என் சந்தேகம். இந்த வண்டில பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற ஒரு அடி உயரம்தான் பெட்ரோலைத் தள்ளுது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். போகலைன்னா உள்ள லேசா உறிஞ்சல் வந்து பெட்ரோலைப் பிடிச்சுக்கும். டேங்க் நிறைஞ்சிருந்தா மேல காத்து கொஞ்சம்தான், அதனால உறிஞ்சல் சீக்கிரம் வந்துரும். ஃபுல் டேங்க்ல மோசம்னு நீங்க சொன்னது அதுதான்.

சந்தேகத்தை வச்சுக்கிட்டு சாமான் மாத்தாதீங்க. இன்ஜின் ஆறினதும், வெட்ட வெளியில, பக்கத்துல பீடி சிகரெட் இல்லாம, கார்புரேட்டர்ல சொருகியிருக்கிற டியூபைக் கழட்டி ஒரு பாட்டில்ல விடுங்க. மூடி பூட்டியே இருக்கட்டும். டேங்குக்கு அடியில இருக்கிற பெட்ரோல் காக்கைத் (குழாய்த் திருகு) திறந்து ஒரு நிமிஷம் பாருங்க. அப்புறம் மூடியைத் திறந்துட்டு பாருங்க. திறந்தும் நூல் மாதிரிதான் வருதுன்னா காக்குக்கு உள்ள இருக்கிற வலையில துரு. திறந்ததும் கொட்டுதுன்னா மூடி. வேற எதையும் அதுவரைக்கும் தொடாதீங்க.

பூட்டுப்பட்டறை:

அண்ணே, இன்னைக்குக் காலைல பண்ணினேன். ஃபுல் டேங்க். காக்கைத் திறந்ததும் பென்சில் கனத்துக்கு வந்துச்சு. பத்து, பதினஞ்சு செகண்ட் இருக்கும், மெலிஞ்சு நூலாச்சு, அப்புறம் நூலுக்கும் சொட்டுக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு நின்னுச்சு. சாவியைப் போட்டு மூடியைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்னு ஒரு இழுப்பு. அடுத்த நொடியே பாட்டில்ல மறுபடி பென்சில் கனம்! பக்கத்துல நின்ன என் பையன் ‘அப்பா, மூச்சு விட்டுருச்சு’ங்கிறான்.

மூடியை விட்டேனா? பூட்டுத்தானே அது, எங்க தாத்தா காலத்துத் தொழில். மேஜையில துணி விரிச்சு அடிப்பக்கத்துல இருந்த மூணு குட்டி ஸ்குரூவையும் கழட்டினேன். (அந்த லீவர் வேலைப்பாட்டைப் பத்தி எனக்குச் சொல்ல நிறைய இருக்கு, வேணாம்.) ரப்பர் வளையத்துக்கு அடியில ஊசி நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. வாய் வச்சு ஊதினா கன்னம் வலிக்குதே தவிர காத்து போகல. நாங்க லீவருக்கு ஸ்பிரிங் வைக்கிற மெல்லிசு கம்பியை விட்டுத் திருகினேன். அரிசி நொய் அளவுக்கு வெள்ளையா ஒரு கட்டி வந்து விழுந்துச்சு. நகத்தால கிள்ளினா மாவாட்டம் உதிருது. பட்டி! டேங்குக்கு பெயின்ட் அடிக்கும்போது மூடியைக் கழட்டாமலே பட்டி பார்த்துத் தேய்ச்சிருக்காங்க. எனக்கு முன்னாடி வச்சிருந்தவருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, விக்கிறதுக்காக அடிச்ச பெயின்ட் அது.

ஓட்டையில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி வச்சு ஊதினேன், குமிழ் வந்துச்சு. மாட்டிட்டு அதே ஃபுல் டேங்கோட கிளம்பினேன். சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி, ஆக்சிலேட்டரை இறக்கவே இல்ல, 80. செலவு பூஜ்யம். அந்த 3,150-ஐ நினைச்சாத்தான் வயிறு எரியுது.

நாலுவழிராஜா:

செம! பேசாம மூடியில ட்ரில் போட்டு இன்னொரு ஓட்டை போட்டுருங்க ப்ரோ, இனிமே அடைக்கவே அடைக்காது.

பழைய ஸ்பேனர்:

ட்ரில்லைக் கீழ வைங்க ராஜா. நேரா ஓட்டை போட்டா மழைத்தண்ணி நேரா டேங்குக்குள்ள இறங்கும். வெறும் பெட்ரோலா இருந்தா தண்ணி அடியில தங்கும், வடிச்சு எடுத்துரலாம். இப்ப வர்ற பெட்ரோல்ல இருக்கிற எத்தனால் தண்ணியைச் சேர்த்துக்கும், அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து பிரிஞ்சு அடியில இறங்கி நேரா கார்புரேட்டருக்கு வரும். அப்புறம் வண்டி கிளம்பவே கிளம்பாது. கம்பெனிக்காரன் அந்த வழியைச் சந்து பொந்தா வச்சிருக்கிறது காரணத்தோடதான்.

பூட்டுக்காரத் தம்பி, மூடிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுராதீங்க, தூசி சேர்ந்து மறுபடி அடைக்கும்.

பூட்டுப்பட்டறை:

எண்ணெயா? எங்க அப்பா இருந்திருந்தா கையிலயே போட்டிருப்பார். கிராஃபைட் தூள்தாண்ணே, தொட்டுத் தடவினதோட சரி.

பழைய ஸ்பேனர்:

அப்படிப் போடுங்க. இன்னொண்ணு. மூடியைத் திறந்தா சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல மழைத்தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை, அங்கிருந்து டேங்குக்கு அடியில ஒரு டியூப். மூடியிலயே பட்டி போயிருக்குன்னா அதையும் விட்டிருக்க மாட்டாங்க. மழைக்கு முன்னாடி பார்த்துருங்க, இல்லைன்னா தண்ணி பள்ளத்துல நின்னு, மூடியைத் திறக்கும்போது உள்ள போகும்.

பூட்டுப்பட்டறை:

இப்பத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அதே வெள்ளைப் பட்டி, மேல பெயின்ட் கூட அடிச்சிருக்காங்க. கம்பியை எடுத்துட்டு வரேன்.