கன்வேயர் மோட்டாரைச் சட்டென்று கழற்றி மாட்ட என்ன வழி? (இறால் கம்பெனி, எப்போதும் ஈரம்)

இறால்ஷெட் பிட்டர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக மெயின்டனன்ஸ் பிட்டராக இருக்கிறேன். போன வியாழன் ராத்திரி பட்ட பாட்டைச் சொன்னால்தான் கேள்வி புரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் பிரிக்கும் கன்வேயர் அது. நாலரை மீட்டர் நீளம், 600 மிமீ அகலம், நீல நிற பிளாஸ்டிக் லிங்க் பெல்ட். ஓட்டுவது 0.37 கிலோவாட் மோட்டார், அதாவது அரை எச்பி. அதோடு 063 சைஸ் வார்ம் கியர் பாக்ஸ், விகிதம் 40-க்கு 1. கியர் பாக்ஸ் நடுவில் 25 மிமீ ஓட்டை. கன்வேயரின் டிரைவ் ஷாஃப்ட் நேராக அதற்குள் போய் 8 மிமீ கீயில் (இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் சாவிக் கட்டை) உட்காரும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி இருக்கிறது.

ராத்திரி 1:40-க்கு விஎஃப்டி எர்த் ஃபால்ட் காட்டி நின்றுவிட்டது. இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் வைத்துப் பார்த்தேன், முள் சைபரை விட்டு நகரவில்லை. ஸ்டோரில் புது மோட்டார் இருந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் கை வைத்தேன்.

மோட்டாரைக் கியர் பாக்ஸோடு பிடிப்பது நாலு போல்ட். மேலே இருந்த இரண்டும் உடனே வந்துவிட்டன. கீழே இருந்த இரண்டும் கன்வேயர் காலுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பேனர் நுழைந்தால் திருப்ப இடமில்லை, அலன் கீ நுழைந்தால் கை நுழையாது. இந்த மெஷினை வரைந்த புண்ணியவான் ஒரு நாளும் அதைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். கியர் பாக்ஸோடு சேர்த்தே உருவிவிடலாம் என்றால், அது ஷாஃப்டைக் கவ்விப் பிடித்திருந்தது. தினமும் குளோரின் தண்ணீர் அடித்துக் கழுவுகிற இடம். உள்ளே துரு சிமென்ட் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. இழுத்து உருவும் புல்லர் போடலாம் என்றால் அலுமினிய உடம்பில் பிடிமானம் இல்லை. மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். கியர் பாக்ஸ் அசையவில்லை. டார்க் ஆர்ம் (கியர் பாக்ஸ் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் ஃபிரேமோடு பிடிக்கும் கை) முடுக்கும் இடத்தில் போல்ட் ஓட்டையோடு ஒரு துண்டு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.

மொத்தம் 2 மணி 50 நிமிடம். வேறொரு லைனிலிருந்து கியர் பாக்ஸைப் பிடுங்கி மாட்டித்தான் ஓட்டினேன். அவ்வளவு நேரமும் வேலைக்கு வந்த பெண்கள் இறாலை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டுச் சும்மா நின்றார்கள். அவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. “தம்பி, இன்னைக்கு எங்க கூலிய நீதான் தரணும்” என்று ஒரு அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

காலையில் மேனேஜர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டு மெஷின் ஒன்றில் ஒரு ஆள் நெம்புகோலை இழுக்கிறார், மோட்டார் கையோடு வந்துவிடுகிறது. “இந்த மாதிரி நீயே செஞ்சிடு” என்றார்.

என் யோசனை இதுதான். ஃபிரேமில் 10 மிமீ எஸ்எஸ் பிளேட் ஒன்றை வெல்டு வைத்து, மோட்டாரையும் கியர் பாக்ஸையும் கால் வைத்து அதன் மேல் உட்கார வைக்கிறேன். போல்டுக்குப் பதில் இரண்டு டாகிள் கிளாம்ப் (நெம்புகோலை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பிடி). ஷாஃப்டோடு ஜா கப்ளிங்கில் சேர்க்கிறேன். கிளாம்பைத் தூக்கினால் பின்னால் நகர்த்தி எடுத்துவிடலாம். கிளாம்ப் தாங்குமா? அதிர்வில் தானாகத் திறந்துகொள்ளுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் இது மூன்றாவது மோட்டார்.

---

கோவை கன்வேயர்காரன்:

தம்பி, கிளாம்ப் தாங்குமா என்று கேட்பதற்கு முன்னால் அது எதைத் தாங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். 1400-ஐ 40-ஆல் வகுத்தால் 35 சுற்று. 9550-ஐ 0.37-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 101 நியூட்டன் மீட்டர். வார்ம் கியரில் தேய்மானத்துக்குப் போவதைக் கழித்தால் கைக்கு வருவது 75 பக்கம் என்று வை. ஷாஃப்ட் மையத்திலிருந்து 150 மிமீ தள்ளிப் பிடித்தால் 500 நியூட்டன், ஏறக்குறைய 50 கிலோ இழுப்பு. பெல்ட் சிக்கிக்கொண்டாலோ லோடோடு ஸ்டார்ட் ஆனாலோ அது இரண்டு மடங்கு தாண்டும். டாகிள் கிளாம்பின் பெட்டியில் 200 கிலோ என்று போட்டிருப்பான். அது நேராக அமுக்கும்போது தாங்குகிற கணக்கு. பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இழுத்தால் ரிவெட்டில் லூஸ் விழும், அப்புறம் ஒருநாள் திறந்துகொள்ளும்.

நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி ஒன்றுதான். இழுப்பை ஒரு பின் (உருளைக் கம்பி) தாங்கட்டும், கிளாம்போ கிளிப்போ அந்தப் பின் வெளியே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார், நெம்புகோலுக்குப் பின்னால் எங்காவது இடம் பிசகாமல் பிடிக்கும் இரண்டு டவல் பின் நிற்கும்.

அடுத்தது, உன் பிளேட் யோசனையே வேண்டாம் என்பேன். கால் வைத்து உட்கார வைத்து, கப்ளிங் போட்டால், ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் பார்ப்பார்கள்? பிளேட்டுக்கு அடியில் இறால் தோல் போய் உட்கார்ந்து நாறும், அதையும் யோசி. ஷாஃப்டிலேயே தொங்குகிற கியர் பாக்ஸ் என்பதே சட்டென்று கழற்றுவதற்காக வந்த சாமான். உன்னுடையது கழறாததற்குக் காரணம், உள்ளே பிடித்துக்கொண்டது.

அதற்கு இப்படிச் செய். ஷாஃப்டை லேத்தில் மாட்டி, கியர் பாக்ஸுக்குள் போகிற நீளத்தில் இரண்டு முனையிலும் விட்டம் 25 மிமீ இருக்கிற மாதிரி விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் அரை மிமீ குறை. முழு நீளமும் ஒட்டாமல் இரண்டு வளையத்தில் மட்டும்தான் உட்காரும். மாட்டும்போது உணவு இடத்துக்கு உகந்த வெள்ளை ஆன்ட்டி-சீஸ் (இறுகிப்போகாமல் தடுக்கும்) பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவு. செம்பு நிறப் பேஸ்ட் உன் இடத்துக்கு ஆகாது. ஷாஃப்ட் முனையில் எம்10 மரை போட்டு, ஒரு வட்டத் தகடும் போல்டும் வைத்துப் பிடித்தால் கியர் பாக்ஸ் வெளியே நகராது.

இனி கழற்றுவது. கியர் பாக்ஸ் ஓட்டைக்குள் விளிம்புக்குப் பக்கத்தில் சர்க்லிப் (ஸ்பிரிங் வளையம்) மாட்டும் பள்ளம் இருக்கிறதா என்று பார். ஷாஃப்ட் அந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிய வேண்டும். பிடிக்கிற போல்டைக் கழற்றிவிட்டு, நடுவில் எம்12 மரை வெட்டிய தடித்த வட்டத் தகடு ஒன்றை உள்ளே வைத்து அதன் வெளிப்பக்கம் சர்க்லிப்பை மாட்டு. அந்த மரையில் எம்12 போல்டைப் போட்டு முடுக்கினால் போல்ட் ஷாஃப்ட் முனையை உள்ளே தள்ளும், தகடு சர்க்லிப்பில் சாய்ந்து கியர் பாக்ஸை வெளியே இழுக்கும். சுத்தியலுக்கு வேலையே இல்லை. தகட்டையும் போல்டையும் மெஷின் மேலேயே ஒரு கொக்கியில் தொங்கவிடு. ஸ்டோரில் வைத்தால் தேவைப்படுகிற அன்று காணாமல் போய்விடும்.

டார்க் ஆர்ம் முனையில் ரப்பர் புஷ் வை. அதன் வழியாக 12 மிமீ எஸ்எஸ் பின், அந்தப் பின்னின் முனையில் ஆர் வடிவ ஸ்பிரிங் கிளிப், அவ்வளவுதான். ஆர்மை ஃபிரேமோடு போல்ட் போட்டு இறுக்கினால் கெட்டியாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஷாஃப்ட் கொஞ்சம் நெளிந்து சுற்றினாலும் அந்த நெளிவு முழுக்கக் கியர் பாக்ஸ் பேரிங்கில்தான் இறங்கும். கியர் பாக்ஸ் லேசாக ஆடத்தான் வேண்டும். அதைப் பார்த்துப் பயப்படாதே. முக்கியமாக ஒன்று: பின்னையும் கிளிப்பையும் சின்ன எஸ்எஸ் செயினில் கட்டிப் போடு. இறாலுக்குள் விழுந்துவிட்டால் மெட்டல் டிடெக்டர் பிடிக்கும்தான், ஆனால் அன்றைக்கு ஓடின மொத்தச் சரக்கையும் திரும்ப ஓட்டச் சொல்வார்கள்.

---

பேனல் போர்டு:

மெக்கானிக்கல் எல்லாம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஆனால் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டு, டெர்மினல் பாக்ஸில் மூன்று வயரைத் தேடிக்கொண்டு நின்றால் என்ன பிரயோஜனம்? மோட்டாரிலிருந்து ஒரு மீட்டர் கேபிள் விட்டு, முனையில் ஐபி67 (தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்ற தர எண்) இண்டஸ்ட்ரியல் பிளக் போடுங்கள். ஸ்பேர் மோட்டாரிலும் அதே பிளக், அதே வரிசையில் வயர். இரண்டு பேஸ் இடம் மாறினால் பெல்ட் பின்னால் ஓடும், மாட்டியதும் முதலில் மெதுவாக ஓட்டித் திசை பாருங்கள்.

விஎஃப்டி ஓடும்போது பிளக்கை உருவவே கூடாது. முள்ளில் தீப்பொறி பறக்கும், டிரைவின், அதாவது விஎஃப்டியின், அவுட்புட்டே போகலாம். சுவிட்சை ஆஃப் செய்யாமல் பிளக் வராத இண்டர்லாக் சாக்கெட் கிடைக்கிறது. ஆனால் ஓடும்போதே அந்தச் சுவிட்சைத் திருப்பினாலும் டிரைவுக்கு அதே அடிதான். அதனால் அதன் துணைக் கான்டாக்ட்டை டிரைவை ஓட அனுமதிக்கும் எனேபிள் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் பேனலில் மெயினை ஆஃப் செய்து உங்கள் சொந்தப் பூட்டு, சாவி உங்கள் பாக்கெட்டில். ஆஃப் செய்த பிறகும் டிரைவுக்குள் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும், அதன் மேலேயே எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள். ஷீல்டு கேபிள் என்றால் ஷீல்டைப் பிளக்கின் உடம்பு வழியாகவே எர்த் செய்யுங்கள்.

---

பழைய ரீவைண்டிங் கடை:

ஆறு மாதத்தில் மூன்று மோட்டார் என்று கடைசி வரியில் சாவகாசமாகச் சொல்கிறீர்கள். வாசலில் சொல்ல வேண்டிய விஷயம் அது. உங்கள் ஊரிலிருந்து வருகிற மோட்டார் நிறையப் பிரித்திருக்கிறேன். வைண்டிங் கருகியிருக்காது. பச்சையாகப் பூத்திருக்கும், உள்ளே தண்ணீர்.

ஐபி55 என்றால் சாதாரண ஹோஸ் தண்ணீர் தாங்கும். பிரஷர் வாஷர் அடிக்கிற இடத்துக்கு 66-ஆவது வேண்டும், வெந்நீரில் பக்கத்தில் வைத்து அடித்தால் 69. அதையும் மீறி, ஓடிச் சூடாக இருக்கிற மோட்டார் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே காற்று சுருங்கி வெளி ஈரத்தை உறிஞ்சும். கேபிள் கிளாண்டு (கேபிள் உள்ளே நுழையும் வாய்) மேலே பார்த்து இருக்கிறதா? டெர்மினல் பாக்ஸைத் திருப்பிக் கீழே பார்க்க வையுங்கள். கேபிள் ஒரு வளைவு தொங்கி வரட்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். மோட்டார் அடியில் வடிகால் பிளக் இருக்கும், அது உண்மையிலேயே அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிதீன் கவர் சுற்றியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து எறியுங்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராது.

---

இறால்ஷெட் பிட்டர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. பிளேட், டாகிள் கிளாம்ப் இரண்டையும் கைவிட்டுவிட்டேன்.

ஷாஃப்டை அண்ணாச்சி சொன்னபடியே லேத்தில் கொடுத்துக் குறைத்தேன். டார்க் ஆர்மில் பின்னும் கிளிப்பும் செயினும் போட்டாயிற்று. உருவுகிற தகடு மெஷின் மேலேயே தொங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் அது என்ன மணியா என்று கேட்கிறார்கள். மோட்டார், கியர் பாக்ஸ், ஆர்ம், கேபிள், பிளக் எல்லாம் சேர்த்து ஒரு முழு செட் தயாராக டிராலியில் நிற்கிறது. இனிமேல் அந்த நாலு போல்டைத் தேட வேண்டியதில்லை, செட்டோடு மாற்றிவிட்டு, பழையதைப் பகலில் ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்து பிரிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்ப்பர் பையனோடு நேரம் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை 22 நிமிடம். அதில் எட்டு நிமிடம் மேலே மூடியிருக்கும் கார்டின் ஆறு போல்டுக்கே போனது. எஸ்எஸ் போல்டும் எஸ்எஸ் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அவற்றிலும் பேஸ்ட் தடவியதும் இரண்டாவது தடவை 11 நிமிடம். பத்து என்று சொல்லியிருந்தால் மேனேஜருக்குத் திருப்தியாக இருந்திருக்கும், பரவாயில்லை.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். இதே முறையைச் சாய்வாக மேலே ஏற்றும் கன்வேயரிலும் செய்தேன். அதில் பெல்ட் பின்னால் வராமல் பிடித்து வைத்திருந்ததே அந்த வார்ம் கியர்தான். கியர் பாக்ஸ் ஷாஃப்டை விட்டு வெளியே வந்த அந்த நொடியில் ஐஸோடு இருந்த பெல்ட் மடமடவென்று கீழே ஓடியது. பையன் ஒரு நிமிடம் முன்னால்தான் ஸ்பிராக்கெட்டிலிருந்து கையை எடுத்திருந்தான். கழற்றும் வேகத்திலேயே குறியாக இருந்ததில் எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது ஃபிரேமில் ஓட்டை போட்டு, ஸ்பிராக்கெட் வழியாக 16 மிமீ பின் ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் செருகாமல் ஆர்ம் பின்னைத் தொடக் கூடாது என்று சிவப்பு பெயிண்டில் எழுதியாகிவிட்டது. பெல்ட்டைக் காலி செய்துவிட்டுத்தான் அதையும் செருகுகிறோம்.

ரீவைண்டிங் ஐயா, நீங்கள் சொன்னதற்கு அப்புறம் மற்ற லைன் மோட்டார்களையும் போய்ப் பார்த்தேன். ஏழில் ஐந்து கிளாண்டு மேலே பார்த்துத்தான் இருந்தது. மூன்றில் வடிகால் பிளக் பக்கவாட்டில் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாய்த்துப் பிளக்கைத் திறந்தேன். அரை டீ கிளாஸ் தண்ணீர் வந்தது. இறால் வாசனையோடு. அதை அப்படியே கிளாஸில் பிடித்து, ஐபி66 மோட்டாருக்கான கொட்டேஷனோடு மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.