முன்னால் 43 பல், பின்னால் 39 பல்

பழைய ஃபோர்வீல் ஜீப்பில் வேறு வண்டிச் சாமான் போட்டுப் பட்டதை ஆளுக்கு ஆள் சொல்லி வருகிறீர்கள். என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டு வண்டி 1974 மாடல் சிஜே-3பி. தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் காப்பித் தோட்டத்துக்கு அதை விட்டால் வேறு வண்டி ஏறாது. ஒரு சித்திரையில் உர மூட்டையோடு ஏறும்போது பின் அச்சுப் பல்சக்கரங்கள் இருக்கும் கூட்டில், அதாவது ஹவுசிங்கில், கடகடவென்று சத்தம். திறந்து பார்த்தால் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. வத்தலகுண்டில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக், "வேற ஜீப்புல கழட்டுன கிரவுன்-பினியன் ஒண்ணு இருக்கு தம்பி, அப்படியே உக்காரும்" என்றார். அப்படியே உட்கார்ந்தது, பினியனும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனும். போல்ட் துளை, பேரிங், ஷாஃப்டை இணைக்கும் ஃபிளாஞ்ச் எதிலும் ஒரு மாற்றம் இல்லை. சிம் என்ற மெல்லிய தகடு வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளியான பேக்லாஷ் பார்த்து, பொறுமையாகத்தான் கட்டிக்கொடுத்தார். அவருடைய கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். பல்லை மட்டும் யாரும் எண்ணவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் எண்ணவில்லை.

கட்டி முடித்து ஓட்டியபோது வண்டி முன்பைவிட நன்றாக ஓடுவது போல இருந்தது. டாப் கியரில் இன்ஜின் அலறல் குறைந்திருந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஏற்றத்தில் இரண்டாம் கியர் கொஞ்சம் திணறியது, சரி, பாரம் அதிகம் என்று விட்டுவிட்டோம். ஸ்பீடாமீட்டர் 40 காட்டும்போது பக்கத்தில் வரும் பைக்காரர் 44 என்றார். பழைய மீட்டர்தானே என்று அதையும் விட்டோம். உண்மையில் நோய் அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் மீட்டர் கேபிள், முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ஆக்சிலரி கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பின்னால் பல் மாறினால் சக்கரத்தின் வேகம் மாறும், மீட்டருக்கு அது தெரியாது.

ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை, ஏனென்றால் வெயில் காலத்தில், முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர்வீல் லிவரைத் தொடவே தேவை வரவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் லிவரைப் போட்டேன். சேற்றில் ஏறியது. ஆனால் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் முன்பக்கம் நேராகவே வழுக்கியது, பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல. மேலே சிமெண்ட் களம் வந்ததும் டயர் கிறீச்சிட்டது, வண்டி முக்கியது, லிவரை எடுத்தால் வரவில்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும் என்று தெரியும். நான் பதற்றத்தில் இன்னும் நாலடி முன்னால் எடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் இரண்டாக உடைந்து கிடந்தது.

அன்று ராத்திரி தோட்டத்து ஷெட்டில் வைத்துத்தான் எண்ணிப் பார்த்தேன். முறை சுலபம். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினேன் (ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் பாதிக் கணக்கு, அதனால்தான் இரண்டு). ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு. ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றி நின்றது. முன்னாலும், சக்கரத்தை அச்சோடு சேர்க்கும் ஹப்பைப் பூட்டிவிட்டு அதே மாதிரி செய்தால் ஐந்தைத் தாண்டி இன்னும் கால் சுற்றுக்கு மேல். முன்னால் கிரவுனில் 43 பல்லுக்குப் பினியனில் 8, அதாவது 5.38. பின்னால் 39-க்கு 8, அதாவது 4.88.

இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. லிவரைப் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே பின் சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரம் 91 மீட்டர்தான் உருள முடியும். மிச்ச 9 மீட்டரை டயர் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும். சேறு வழுக்கிக்கொடுக்கும். சிமெண்ட் தராது. அப்போது அத்தனை முறுக்கும் ஷாஃப்ட், கிராஸ், ஆக்சிலரி பல் மேல்தான் ஏறும். எனக்குக் கிராஸோடு போனது பெரிய அதிர்ஷ்டம்.

43-8 செட் ஒன்று கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, மழை விட்ட நாளில் மட்டும் தோட்டத்துக்குப் போனோம். பழம் பறிக்கும் நேரத்தில் அது பெரிய கஷ்டம்.

* * *

அண்ணா, உங்கள் கதையைப் படித்தேன். உங்களுக்கு உட்கார்ந்தது, எனக்கு உட்காரவே இல்லை. நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, பிந்தைய மாடல் வண்டியின் 41-க்கு 11 கிரவுன்-பினியன் வாங்கினேன், அதாவது 3.73. முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து இரண்டு செட். என் ஹவுசிங்கும் அந்த வண்டியின் ஹவுசிங்கும் டானா 44 என்ற ஒரே அச்சு வகை என்பதால் சேரும் என்று நினைத்தேன். அந்த வகையில் கிரவுனைத் தாங்கும் கேரியர், 3.73-க்கும் அதற்குக் கீழும் ஒன்று, 3.92-க்கும் அதற்கு மேலும் வேறு என்பது எனக்குத் தெரியாது. என் பழைய கேரியரில் கிரவுனைப் பூட்டினால் பினியனில் போய் இடித்தது, எத்தனை சிம் எடுத்தும் பேக்லாஷ் வரவில்லை. சரி, கேரியரும் தேடிப் பிடித்தேன். அப்புறம் ஃபிளாஞ்ச் ஏறவில்லை. ஃபிளாஞ்ச் ஏறும் பினியன் தண்டில் வெட்டியிருக்கும் வரிகள்தான் ஸ்பிளைன்; என்னுடையது 10 ஸ்பிளைன், வந்த பினியன் 26 ஸ்பிளைன். லேத்காரர் ஒருவர் வெட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். மனைவி, பிள்ளைகளோடு கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிற வண்டி, வேண்டாம் என்று வந்துவிட்டேன். 26 ஸ்பிளைன் ஃபிளாஞ்ச் தனியாகக் கிடைத்த பிறகுதான் வேலை முடிந்தது. வாங்கப் போகிறவர்கள் பழைய பினியனைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். கடையில் வைத்தே பல்லையும் ஸ்பிளைனையும் எண்ணிவிடலாம்.

* * *

உங்கள் இருவர் கதையும் படித்தேன். எனக்குப் பல் எல்லாம் சரி, டயரில் வந்தது வினை. பின்னால் மட்டும் 7.00-16 போட்டேன், முன்னால் பழைய 6.00-16. அச்சு உயரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். லிவர் இதே மாதிரிதான் இறுகியது. ஜாக்கி வைத்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கியதும் முறுக்கு விட்டுச் சக்கரம் சடாரென்று சுழன்றது. கை பக்கத்தில் இருந்திருந்தால் விரல் போயிருக்கும். தூக்கும்போது தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.

* * *

முதலில் எழுதிய நான்தான். டயர் விஷயம் சொன்னது நல்லது தம்பி, எண்ணிப் பார்க்கும்போது அதையும் அளக்க வேண்டும். நான் இப்போது இரண்டு ஹவுசிங் மூடியிலும் வெள்ளை பெயிண்டில் 43-8 என்று எழுதி வைத்திருக்கிறேன். சேறு அடித்து அழிந்தால் அப்பாவே திரும்ப எழுதிவிடுகிறார்.