ஆஸ்பத்திரியில் வெந்நீர் பிடித்துக் கொடுப்பது ஊழியக் கணக்கில் வருமா?

செவ்வாய்க்கிழமைக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நானும் ஒரு நண்பனும் இரண்டு வருஷமாகச் செவ்வாய்தோறும் அரசு ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டுக்குப் போகிறோம். கூட ஆள் இல்லாத நோயாளிகள் எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள். வெந்நீர் பிடித்துக் கொடுப்பது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கி வருவது, சவரம் செய்துவிடுவது, அவ்வளவுதான். சபை ஆண்டறிக்கைக்கு இதை எழுதிக் கொடுத்தேன். எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள், வசனம் அச்சடித்த கைப்பிரதி எத்தனை கொடுத்தீர்கள் என்று செயலாளர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் இது சமூக சேவை, ஊழியம் என்ற தலைப்பில் போட முடியாது என்றுவிட்டார். மூத்திர டியூப் மாட்டிப் படுத்திருக்கிற மனுஷன் நாம் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார், அவர் கையில் எப்படித் திணிப்பது? அறிக்கையில் வராவிட்டால் போகட்டும், ஆனால் செயலாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று மனசு அரிக்கிறது.

பழைய ஏடு:
தம்பி, பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஐ எடுங்கள். விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் தகராறு. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது 'அன்றாட விசாரணை', 'பந்திவிசாரணை'. இரண்டு வசனம் தள்ளி, போதிப்பது மட்டும் 'ஊழியம்'. மூலமான கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் டியாகோனியா என்ற ஒரே வேர்ச்சொல்தான். இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் விருந்துக்குப் பட்ட பாடும் அதே சொல், தமிழில் 'வேலைகள்' ஆகிவிட்டது. மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பில் நிற்கிறவர்கள் 'உமக்கு உதவிசெய்யாதிருந்தோம்' என்று கேட்கிறார்களே, அங்கும் அதுதான். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, இடத்துக்குத் தகுந்த சொல் போட்டார்கள். மேடைக்கு ஒரு மரியாதை, பந்திக்கு ஒரு மரியாதை என்று பிரித்தது நாம்தான்.

கூடாரம்:
அண்ணே, அதே அதிகாரத்தில் வசனத்தை விட்டுவிட்டுப் பந்திக்குப் போக மாட்டோம் என்றும் அப்போஸ்தலர்கள் சொல்கிறார்கள், அதைத் தாண்டிப் போய்விட்டீர்களே. பந்திக்கு வைத்த ஏழு பேரில் ஒருவர்தான் பிலிப்பு, அவரே எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரிக்கு வசனம் சொல்லி ஞானஸ்நானமும் கொடுத்தார். இரண்டு வருஷமாகப் போகிறவர் ஒருவரிடமாவது இயேசுவைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் எனக்கு இடிக்கிறது.

நைட் டியூட்டி:
ரதத்தில் ஏறி உட்காரச் சொல்லி மந்திரி கூப்பிட்ட பிறகுதானே பிலிப்பு ஏறினார், பிரதர்? நான் வேலூர் சி.எம்.சி. கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் படித்த நர்ஸ். 1900-ல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடம். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற வசனம்தான் அதன் குறிக்கோள், பக்கத்தில் கைப்பிரதி எண்ணிக்கை எதுவும் கிடையாது.

அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு. தண்ணீர் கொடுக்கும் முன் டியூட்டி சிஸ்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரால் ஆபரேஷனே தள்ளிப் போகும். ஸ்ட்ரெச்சர் தள்ளும்போது மூத்திரப் பையை நோயாளியின் வயிற்று மேல் வைக்காதீர்கள், இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே திரும்பிப் போய்க் கிருமி தொற்றும். சவரத்துக்கு ஆளுக்கொரு புது ரேசர். ஒரே ரேசரை இரண்டு பேருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி வரைக்கும் பரவும். ஊழியமா சேவையா என்று அப்புறம் சண்டை போடலாம்.

செவ்வாய்க்கிழமைக்காரன்:
சிஸ்டர், பையை வயிற்று மேல் வைத்துத்தான் இத்தனை நாளும் தள்ளியிருக்கிறோம். ரேசர் இன்றைக்கே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். கூடாரம் பிரதர், ரதம் கிட்டத்தில் வந்தது. போன செவ்வாய் ஒரு தாத்தா, 'தம்பி, நீங்க எந்தக் கட்சி?' என்று கேட்டார். கட்சி இல்லை தாத்தா, சர்ச்சில் இருந்து வருகிறோம் என்றேன். 'அப்படியா, எலெக்‌ஷன் வரப்போகுதாக்கும்னு நெனச்சேன்' என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தைக் காட்டினார், அந்தப் பக்கம் இன்னும் சிரைக்கவில்லை.